டெக்கின் ஆயுள் பலகைக்கு அடியில்

பெங்களூரில் மர டெக், அதாவது தோட்டத்திலோ மாடியிலோ வெளியே உட்கார ஒரு மரமேடை, போட நினைப்பவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் பலகை விற்கும் ஷோரூம். தேக்கா, வெப்பத்தில் பதப்படுத்திய தெர்மோ ஆஷா, நிறம் எப்படி, நரம்பு எப்படி என்று அரை நாள் பேச்சு நடக்கும். அந்தப் பலகை எதன்மேல் உட்காரப் போகிறது என்ற கேள்வி வந்தால், "அடியில ரீப்பர் அடிச்சுக்கலாம் சார்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். மூன்று மழைக்காலம் கழித்து டெக் ஆடத் தொடங்கும்போது தேக்குப் பலகை நன்றாகவே இருக்கும். இற்றுப்போயிருப்பது அந்த ரீப்பர், அடியில் அடித்த மெல்லிய சட்டம்.

ஆகவே இந்தப் பதிவு டெக்கைக் கீழிருந்து மேலாகப் பார்க்கிறது. ஒவ்வோர் உறுப்பிடமும் இரண்டே கேள்விகள்: பாரத்தை எங்கே இறக்குகிறது? மழைத் தண்ணீரை எங்கே அனுப்புகிறது? முதல் கேள்விக்குப் பெரும்பாலான ஆசாரிகள் சரியாகவே பதில் சொல்வார்கள். டெக் வீணாவது இரண்டாவதில்தான்.

உறுப்புகளும் பெயர்களும்

பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு டெக்கின் அமைப்பு புதிதாக இருக்காது. சுவருக்குச் சுவர் உத்திரம், உத்திரத்தின்மேல் நெருக்கமாகக் குறுக்குக்கட்டைகள், அதன்மேல் தளம். டெக்கிலும் அதே வரிசைதான். மேலே மிதிபலகை. அதைத் தாங்குவது ஜாயிஸ்ட் எனப்படும் குறுக்குச்சட்டம். சட்டங்களைத் தாங்குவது உத்திரம், அதாவது பீம். உத்திரத்தைத் தாங்குவது தூண் அல்லது கான்கிரீட் பீடம். பீடத்துக்கு அடியில் அஸ்திவாரம். சட்டங்களின் முனைகளை ஒன்றாக மூடிக் கட்டும் நீளச்சட்டம் ரிம். சட்டங்கள் புரண்டுவிடாமல் இடையிடையே செருகும் துண்டுக்கட்டை பிளாக்கிங். வீட்டுச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடிக்கும் சட்டம் லெட்ஜர்.

பெங்களூரில் வேலை நடக்கும் இடத்தில் தமிழ், கன்னடம், இந்தி மூன்றும் கலந்து ஓடும். உத்திரம் கன்னடத்தில் தொலெ, பலகை ஹலகெ, கரையான் கெத்தலு. கரையானுக்கு இந்தியில் தீமக். மரக்கடையில் ஹொன்னே என்று சொல்வது நம் வேங்கை, மத்தி என்பது கருமருது, நந்தி என்பது வெண்தேக்கு. பில்லில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று படிக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

லெட்ஜரை அமெரிக்க வழிகாட்டிகளில் பார்த்தபடி இங்கே செய்யாதீர்கள். அங்கே வீடே மரச்சட்டத்தில் நிற்பதால், டெக்கின் ஒரு பக்கத்தை வீட்டோடு போல்ட் போட்டுவிடுகிறார்கள். இங்கே கான்கிரீட் தூண்களுக்கு நடுவே பிளாக் சுவர். ஹாலோ பிளாக்கிலும், நுண்குமிழ் நிறைந்த இலகுவான ஏ.ஏ.சி. பிளாக்கிலும் சாதாரண ஆங்கர் போல்ட் பாரம் தாங்கப் பிடிக்காது. பிளாக் நொறுங்கி போல்ட் மெல்ல வெளியே வரும். பிளிந்த் பீம், அதாவது சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்திரம், கிடைத்தால் அதில் மட்டும் எம்12 (12 மி.மீ.) ஆங்கர் போடலாம். அப்போதும் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி விட்டு, இடையில் வாஷர்களை அடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடுக்கில் தண்ணீர் நின்று வீட்டுக்குள் சுவர் ஈரம் வாங்கும். இந்தச் சிக்கலுக்குப் பதில் டெக்கை வீட்டைத் தொடாமல் தன் காலில் நிறுத்துவதே நல்லது. அதிகம் செலவாவது மூன்று பீடம், ஓர் உத்திரம். அவ்வளவுதான்.

ஒரு கணக்கு: 12 அடிக்கு 10 அடி

வீட்டின் பின்பக்கம், சுவரை ஒட்டி 12 அடி நீளம், தோட்டத்தை நோக்கி 10 அடி அகலம், தரையிலிருந்து 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் உள்தளம் டெக்கைவிட ஒன்றரை அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும். சமமாக வைத்தால் பார்க்க அழகுதான், ஆனால் சாரல் அடிக்கும் மழையில் தண்ணீர் கதவுக்கு அடியில் உள்ளே வரும்.

வீடுகளின் பால்கனிக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன். நம் கணக்கில் சதுர அடிக்குச் சுமார் 28 கிலோ. 120 சதுர அடிக்கு மூன்று டன்னுக்கும் மேல். தோட்டத்தில் நாலு நாற்காலி போடத்தானே என்று நினைக்க வேண்டாம். பிறந்தநாள் விழாவில் இருபது பேர் ஒரே ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

சுவரிலிருந்து ஒன்றரை அடியில் ஓர் உத்திரம், எட்டரை அடியில் இன்னொன்று. இரண்டும் சுவருக்கு இணையாகப் போகும். நடுவே சட்டம் பாயும் தூரம் 7 அடி. இரு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டல், பாயும் தூரத்தில் கால் பங்கைத் தாண்டாமல் இருந்தால் ஓரத்தில் நிற்பவர் காலடியில் துள்ளல் இருக்காது. ஒவ்வோர் உத்திரத்துக்கும் மூன்று பீடம்: இடது ஓரத்திலிருந்து 1, 6, 11 அடிகளில். மொத்தம் ஆறு. நடுப் பீடத்தின்மேல் ஏறத்தாழ 25 சதுர அடி பாரம் இறங்கும். அது டெக்கின் சொந்த எடையும் சேர்ந்து ஒரு டன்னை நெருங்கும்.

18 அங்குலச் சதுர அஸ்திவாரம் இதற்குத் தாராளமாகப் போதும், அசையாத சிவப்பு மண்ணில் உட்கார்ந்தால். பனிநாடுகளில் மண் உறையும் ஆழத்தைக் கணக்கிட்டுத் தோண்டுவார்கள். பெங்களூரில் அந்தக் கவலை இல்லை. இங்கே கவலை நிரப்பு மண். வீடு கட்டும்போது அஸ்திவாரக் குழியைச் சுற்றிக் கொட்டிய உடைசல், செங்கல் துண்டு, சிமென்ட் மூட்டைக் காகிதம் எல்லாம் வீட்டை ஒட்டிய மூன்று நான்கு அடிக்குள்தான் கிடக்கும். கடப்பாரை போட்டால் சிரமமில்லாமல் இறங்கும் மண்ணில் பீடம் வைக்காதீர்கள். குறைந்தது 2 அடி தோண்டுங்கள், அதற்குப் பிறகும் நிரப்பு மண்ணாக இருந்தால் இயற்கை மண் வரும்வரை போங்கள். அடியில் 4 அங்குலம் பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்), அதன்மேல் 8 அங்குலக் கான்கிரீட், அதிலிருந்து 9 அங்குலச் சதுரப் பீடம், நாலு 10 மி.மீ. கம்பியும் 6 அங்குலத்துக்கு ஒரு வளையமும். சிமென்ட், மணல், ஜல்லி கலவை 1:1½:3.

பீடத்தின் உயரத்தை மேலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். 24 அங்குலத்தில் பலகை 1, சட்டம் 6, உத்திரம் 6, பீடத்தின்மேல் உத்திரத்தைப் பிடிக்கும் இரும்பு ஷூவின் தூக்கல் 1 போனால் மிச்சம் 10. ஆக, பீடம் தரைக்கு மேல் 10 அங்குலம் நிற்கும். இந்த உயரத்தில் மரத்தூணே தேவையில்லை. பீடங்கள் ஆறும் ஒரே மட்டத்தில் வர, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்துப் பாருங்கள். பத்தடி தூரத்துக்கு ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது தவறில் முடியும்.

குழி தோண்டுவதற்கு முன்பு ஒன்று. பெங்களூர் வீடுகளில் பின்பக்க, பக்கவாட்டு இடம் காலி இடம் மாதிரி தெரியும். அடியில் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), சாக்கடைச் சேம்பர், மழைநீர்க் குழி, போர்வெல் குழாய் எல்லாம் போகும். எது எங்கே என்று சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டுப் பீடத்தின் இடத்தை முடிவு செய்யுங்கள். மூடிகளுக்கு நேர்மேலே வரும் பலகைகளைத் தனிச் சட்டத்தில் கட்டி, தூக்கி எடுக்கும்படி செய்ய வேண்டும். சம்ப் கழுவ டெக்கைப் பிரிக்கும் நிலை வரக்கூடாது.

மண்ணும் கரையானும்

பெங்களூருக்கு ஆண்டில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான மழை. ஏப்ரல், மே மாதங்களின் இடி மழை, ஜூனிலிருந்து தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று நீண்டு பரவிப் பெய்கிறது. கனமழை பெரும்பாலும் செப்டம்பரில். வெயில் அவ்வளவு சுடுவதில்லை என்பதால் டெக்கின் அடிப்பக்கம் சென்னையில் காய்வதுபோல் இங்கே சீக்கிரம் காய்வதில்லை.

டெக்குக்கு அடியில் இருக்கும் மண்ணை வீட்டிலிருந்து விலகும்படி சரிக்க வேண்டும். 10 அடிக்கு இரண்டரை அங்குலச் சரிவு போதும். புல்லைச் சுரண்டி எடுத்து, மண்ணுக்குக் கரையான் மருந்து அடித்து, தண்ணீர் இறங்கும் நெய்த விரிப்புப் போட்டு, அதன்மேல் 3 அங்குலம் 20 மி.மீ. ஜல்லி. பாலித்தீன் தாள் விரிக்காதீர்கள், அதன்மேல் குட்டை நிற்கும். ஜல்லிக்கு இன்னொரு பயனும் உண்டு: மழைத்துளி மண்ணில் அடித்துத் தெறிக்கும் சேறு உத்திரத்தில் ஒட்டாது.

பீடத்தின் 10 அங்குலமும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். கரையான் கான்கிரீட்டைத் தின்னாது, ஆனால் அதன்மேல் மண்குழாய் கட்டிக்கொண்டு மரத்துக்கு ஏறும். பீடம் வெளியே தெரிந்தால் அந்தக் குழாயும் தெரியும். உடைத்துவிட்டு மருந்து அடிக்கலாம். சுற்றிலும் அழகுப்பலகை அடித்து மூடிவிட்டால் கரையான் வந்தது மரம் பொடியாகும்போதுதான் தெரியும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் எதிரெதிர்ப் பக்கங்களில் காற்று போகும்படி இடைவெளி விட்டு, ஒரு பலகையைத் திருகாணியில் மட்டும் பிடித்துக் கழற்றும்படி வையுங்கள்.

மரம் வாங்கும்போது

மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட்டுக்குப் போகிறவர்கள் கையில் அளவுநாடாவோடு ஈரப்பதமானியும் கொண்டுபோங்கள். மரத்துக்குள் இரண்டு ஊசி குத்தி அளக்கும் சிறிய கருவி அது. சட்டத்துக்கு 15 முதல் 18 சதவீதத்துக்குள், பலகைக்கு 12 முதல் 14 என்றால் நல்லது. 25 காட்டினால் அது பச்சை மரம். பூட்டிய பிறகு சுருங்கி, முறுக்கி, திருகாணியை ஒடிக்கும்.

அடுத்து வைரமும் வெளிறும். மரத்தின் நடுப்பகுதி வைரம், அடர்ந்த நிறம். ஓரத்தில் வெளுத்த பட்டை வெளிறு. தேக்கு நிலைக்கும் என்பது தேக்கு வைரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். எந்த மரமானாலும் வெளிறு வெளிறுதான், பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் தொடங்கும். இளம் தோட்டத் தேக்கில் பாதிப் பலகை வெளிறாக இருக்கும். அதற்குத் தேக்கு விலை கொடுப்பதைவிட முதிர்ந்த கருமருது வாங்குவது மேல். ஐ.எஸ். 401 மரங்களை நிலைப்புத்தன்மை வைத்து மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது: திறந்தவெளியில் சராசரி 120 மாதம் அதற்கு மேல் நிற்பவை முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாவது, 60க்குக் கீழே மூன்றாவது. தேக்கும் சாலும் முதல் வகுப்பில் வருகின்றன. மலேசியன் சால் என்பது ஒரு மரத்தின் பெயரே இல்லை, வியாபாரப் பெயர். அந்தப் பெயரில் வருவது எல்லாம் சால் இல்லை. நிறைய மரம் வாங்கப் போகிறீர்கள், சந்தேகம் இருக்கிறது என்றால் மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் துண்டு கொடுத்து என்ன மரம் என்று அடையாளம் காணலாம்.

மருந்தேற்றிய பைன் சட்டமாகப் போடத் தகுந்ததே. அழுத்தத்தில் ஏற்றிய மருந்து முழு ஆழத்துக்கும் போவதில்லை, ஆகவே வெட்டிய ஒவ்வொரு முனைக்கும் மரப்பாதுகாப்பு மருந்தைத் தூரிகையால் ஊற ஊறப் பூச வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த சிசிஏ மருந்து ஏறிய துண்டுகளைக் குளிர்காய எரிக்கவே கூடாது, புகையில் ஆர்சனிக் வரும். கூலியாட்கள் மிச்சத் துண்டுகளை அடுப்புக்கு எடுத்துப் போவது வழக்கம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நம் பொறுப்பு.

கணக்குக்கு வருவோம். கன அடி என்பது அகல அங்குலம் பெருக்கல் தடிமன் அங்குலம் பெருக்கல் நீள அடி, வகுத்தல் 144. எல்லாச் சட்டமும் 2 அங்குலத்துக்கு 6 அங்குலம் என்று ஒரே அளவில் வைத்துக்கொள்ளலாம். 16 அங்குலத்துக்கு ஒன்றாக 10 சட்டம், பலகை இணைப்பு வரும் இரண்டு கோடுகளில் கூடுதலாக ஒவ்வொன்று, ஆக 12 சட்டம், 10 அடி நீளம்: 10 கன அடி. ரிம் இரண்டு, 12 அடி: 2 கன அடி. உத்திரம் ஒவ்வொன்றும் இரண்டு சட்டம் சேர்ந்தது, ஆக நாலு 12 அடி: 4 கன அடி. பிளாக்கிங் இரண்டு வரிசை: 1¾. சேதாரமும் சேர்த்து 20 கன அடி சொல்லுங்கள். சால் என்றால் ஒரு கன அடி 24, 25 கிலோ இருக்கும். மொத்தம் அரை டன். வண்டியிலிருந்து இறக்க ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பலகை 4 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன், 5 மி.மீ. இடைவெளி என்றால் 10 அடிக்கு 29 வரிசை. வரிசைக்கு 12 அடி, 348 அடி. பத்து சதவீதம் சேர்த்து 385 அடி, கன அடியில் 11.

சட்டம் பூட்டுவது

வேலையின் உயிர் இங்கே இருப்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

மரக்கடையில் அறுத்த 2க்கு 6 என்பது எல்லாத் துண்டிலும் சரியாக 6 இருக்காது. ஒன்று 148 மி.மீ., இன்னொன்று 154. அப்படியே உத்திரத்தின்மேல் வைத்தால் மேல்மட்டம் அலையடிக்கும், பலகை சில சட்டங்களைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். எல்லாவற்றையும் மிஷினில் ஒரே உயரத்துக்கு இழைத்துக்கொள்ளுங்கள். மிஷின் இல்லாத இடத்தில், உத்திரத்தில் உட்காரும் இடத்தில் மட்டும் சட்டத்தின் அடிப்பக்கத்தைச் சீவலாம். ஆசாரிகள் பழக்கத்தில் பிளைவுட் சில்லு செருகிச் சரிசெய்வார்கள். அந்தச் சில்லு முதல் மழையில் ஊதி இரண்டாம் மழையில் உதிரும்.

ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணுக்கு நேரே நீளவாக்கில் பிடித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் லேசாக வில்போல் வளைந்திருக்கும். அந்த வளைவு மேலே பார்த்து வர வேண்டும், பாரம் ஏறினால் நேராகும். கீழே பார்த்து வைத்தால் டெக்கின் நடுவே பள்ளம் விழும்.

பீடத்தின்மேல் இரும்பு ஷூ. 6 மி.மீ. தகட்டில் ஆங்கில யூ வடிவில், உள் அகலம் 104 மி.மீ., அடியில் ஓர் அங்குலம் தூக்கல், தண்ணீர் வடிய ஒரு துளை. ஃபேப்ரிகேஷன் கடையில் வெல்டிங், துளை எல்லாம் முடித்த பிறகே ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு (உருகிய துத்தநாகத்தில் முக்கும் பூச்சு) அனுப்பச் சொல்லுங்கள். பூச்சுக்குப் பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோய், துரு அங்கேதான் பிடிக்கும். ஷூவுக்குள் உத்திரத்தை வைத்து இரண்டு எம்12 போல்ட். இரண்டு சட்டத்தைச் சேர்த்து உத்திரம் செய்யும்போது நடுவில் ஒரு மெல்லிய கோடு இருக்கும், தண்ணீர் அங்கே இறங்கினால் வெளியே வர வழியில்லை. அந்தக் கோட்டை மூடும்படி உத்திரத்தின் மேல்விளிம்பு முழுக்க பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ரப்பர் டேப்) ஒட்டி, இரு பக்கமும் கால் அங்குலம் மடித்துவிடுங்கள். சட்டங்களின் மேல்விளிம்புக்கும் அதே டேப். திருகாணி துளைக்கும் இடம் அதுதான், ஒவ்வொரு துளையும் ஒரு சின்னக் கிணறு. மொத்தம் 200 அடி டேப் ஆகும். டெக்கின் செலவில் இது மிகச் சிறிய பங்கு, கொடுக்கும் ஆயுள் மிகப் பெரியது.

சட்டங்களை வைத்த பிறகு மூலைவிட்டம் அளவு பாருங்கள். 12க்கு 10 என்றால் இரண்டு பக்கமும் 15 அடி 7½ அங்குலம் வர வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு மூலையைச் சுத்தியலால் தட்டி நகர்த்துங்கள். இதை விட்டுவிட்டால் கடைசிப் பலகை ஒரு முனையில் 4 அங்குலமும் மறுமுனையில் 3 அங்குலமுமாக வரும். அதன்பிறகு சட்டத்தை உத்திரத்தோடு கால்வனைஸ் செய்த எல் கிளாம்ப் வைத்துப் பிடித்து, இரண்டு உத்திரங்களுக்கும் மேலே பிளாக்கிங் செருகுங்கள். சட்டம் சாயாமல் நிற்பது இதனால்தான். பிளாக்கிங் இல்லாத டெக்கில் நடந்தால் கிறீச் சத்தம் வரும்.

பலகை இணைப்புக்கு வருவோம். 12 அடி நீளத்தில் நேரான பலகை கிடைப்பது அரிது. 8 அடியும் 4 அடியும் சேர்த்துப் போட வேண்டும். சட்டம் 16 அங்குலத்துக்கு ஒன்றாக வருவதால் 4 அடியிலும் 8 அடியிலும் சட்டம் சரியாக விழும். ஒரு வரிசையில் இடமிருந்து 8-4, அடுத்ததில் 4-8. ஒரே சட்டத்தின்மேல் இரண்டு பலகையின் முனையும் வந்தால் ஆளுக்கு ஓர் அங்குலம்தான் பிடிமானம், திருகாணி முனையிலிருந்து அரை அங்குலத்தில் விழுந்து பலகையைப் பிளக்கும். அதனால்தான் அந்த இரண்டு கோட்டிலும் ஜோடிச் சட்டம். ஜோடியை ஒட்டி வைக்காமல் நடுவே 10 மி.மீ. விடுங்கள். பலகை முனைகளின் இடைவெளி வழியாக வரும் தண்ணீர் நேராக ஜல்லிக்குப் போய்விடும். வெட்டுமுனை என்பது உறிஞ்சு குழல்களின் வாய் மாதிரி. ஒவ்வொரு முனைக்கும் பூட்டுவதற்கு முன்பு எண்ணெயோ மெழுகுப் பூச்சோ ஏற வேண்டும்.

திருகாணி

ஜிப்சம் வேலைக்கு வரும் கறுப்புத் திருகாணியை டெக்கில் பார்த்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். அது கடினம், வளையாது, மரம் அசைந்தால் தலை ஒடிந்துவிடும். அதன் பாஸ்பேட் பூச்சு மழைக்கு ஆனதில்லை. போதாக்குறைக்கு, தேக்கிலும் சாலிலும் கருமருதிலும் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் நீலக்கறுப்புக் கறை பரவும், பிறகு தேய்த்தாலும் முழுக்கப் போகாது.

வாங்க வேண்டியது எஸ்.எஸ். 304, அதாவது துருப்பிடிக்காத எஃகில் ஒரு தரம், பத்தாம் நம்பர், இரண்டரை அங்குலம். எஸ்.ஜே.பி. ரோட்டு ஹார்டுவேர் கடைகளில் பெட்டியாகவே கிடைக்கும். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் என்றால் 316 சொல்வேன், உப்புக்காற்று இல்லாத பெங்களூருக்கு 304 போதும். காந்தம் வைத்துச் சோதிப்பதை முழுக்க நம்ப வேண்டாம், குளிர்நிலையில் உருவாக்கிய 304 லேசாக ஒட்டவும் செய்யும். சட்டம் ஒவ்வொன்றிலும் பலகைக்கு இரண்டு, இணைப்பில் நாலு. வரிசைக்கு 22, 29 வரிசைக்கு 638. 700 வாங்குங்கள்.

எஸ்.எஸ். மென்மையானது. கெட்டி மரத்தில் துளையிடாமல் ஏற்றினால் பாதியில் முறியும். பலகையில் 5 மி.மீ. துளை, சட்டத்தில் 3.5 மி.மீ. பலகையின் துளை பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு: திருகாணி பலகையை இழுத்துச் சட்டத்தோடு அணைக்க வேண்டும், மரம் சுருங்கி விரிய ஒரு நூல் இடமும் வேண்டும். தலை மேற்பரப்போடு சமமாக நிற்கட்டும். ஆழமாக இறக்கி மேலே மரத்தூள் பசை வைத்து மறைப்பது உள்ளலங்கார வேலை. வெளியே அந்தப் பசை பெயர்ந்து, குழியில் தண்ணீர் நிற்கும்.

5 மி.மீ. இடைவெளி காய்ந்த பலகைக்கு. 18, 20 சதவீத ஈரத்தில் பலகை வந்துவிட்டால் 2, 3 மி.மீ. விட்டால் போதும், காய்ந்ததும் தானாக விரியும். ஆபத்து எதுவென்றால், காய்ந்த பலகையை ஒட்டி ஒட்டி அடிப்பது. செப்டம்பரில் ஊறி விரிந்து ஒன்றையொன்று தள்ளும், நடுவில் கூம்பி எழும்.

படியும் கைப்பிடியும்

24 அங்குல உயரத்துக்கு ஆறு அங்குலமாக நாலு ஏற்றம், மூன்று படிப்பலகை. பல்வெட்டிய படிச்சட்டத்தில் முதல் ஏற்றத்தை வெட்டும்போது படிப்பலகையின் தடிமனைக் கழித்து 5 அங்குலமாக வெட்ட வேண்டும். மறந்தால் முதல் படி 7, கடைசிப் படி 5 என்று வரும், ஏறுகிறவர் கால் இடறும். படிச்சட்டத்தின் பாதம் மண்ணில் நிற்கக்கூடாது, தனியாக ஒரு கான்கிரீட் திண்டு வேண்டும். நாலடி அகலப் படிக்கு மூன்று சட்டம்.

கைப்பிடித் தூணை மிதிபலகையின்மேல் எல் பிராக்கெட் வைத்து நிறுத்துவது அடிக்கடி காணும் தவறு. ஒருவர் சாய்ந்தால் நெம்புகோல்போல் அது பலகையைப் பெயர்க்கும். தூண் ரிம்முக்கு உள்ளே இறங்கி, இரண்டு எம்12 போல்டில் பிடித்து, பின்னால் பிளாக்கிங்கும் இருக்க வேண்டும். உயரம் 1 மீட்டருக்குக் குறையாமல், கம்பிகளுக்கு நடுவே 100 மி.மீ.க்கு மேல் போகாமல்.

மொட்டை மாடியில்

மாடி வேறு கணக்கு. ஏறிப் போகும் தட்டைக்கூரைக்கு ஐ.எஸ். 875 சொல்வது சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், பால்கனியில் பாதி. டெக்கின் எடை, தொட்டிச் செடி, கூட்டம் மூன்றும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். ஈரமான மண் கன மீட்டருக்கு ஒன்றே முக்கால் டன் போகும். பெரிய தொட்டிகள் பீமுக்கு நேர்மேலே, ஓரமாக இருக்கட்டும். பொறியாளரைக் கேட்காமல் வரிசையாகத் தொட்டி அடுக்காதீர்கள்.

மாடியில் ஸ்லாப்பில் ஒரு துளைகூடப் போடக்கூடாது. வாட்டர்புரூஃபிங் கிழிந்த இடத்தை டெக்குக்கு அடியில் கண்டுபிடிக்க முடியாது. டெக் போடுவதற்கு முன்பே வடிகுழாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழ் வீட்டு மேற்கூரையைப் பாருங்கள். ஒழுக்கு இருந்தால் இப்போதே தெரியட்டும். பிறகு சட்டங்களை ரப்பர் பட்டையின்மேல் அல்லது உயரம் மாற்றும் பிளாஸ்டிக் பீடத்தின்மேல் வெறுமனே வைத்து, தங்களுக்குள் மட்டும் பூட்டுங்கள். சட்டம் தளத்தின் சரிவு போகும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் ஒவ்வொரு சட்டமும் ஓர் அணை. வடிகுழாய் வாய்க்கு மேல் இரண்டடிச் சதுரம் கையால் தூக்கும் பகுதியாக இருக்கட்டும், பக்கத்தில் மழைமரமோ குல்மொஹரோ இருக்கிற தெரு என்றால் மாதம் ஒருமுறை இலை வாரத் தூக்க வேண்டி வரும்.

மாடிக்கு இரும்புப் பாக்ஸ் குழாயில் சட்டம் போடுவது இங்கே பரவலான வழக்கம். நல்லதுதான், ஆனால் வெறும் ரெட் ஆக்சைடு வெளிப்பக்கத்தை மட்டுமே காக்கும், துரு உள்ளிருந்து வரும். உள்ளும் புறமும் கால்வனைஸ் ஆன குழாய், 2 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல், முனைகள் மூடியபடி. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூபிசி பலகைக்குச் சட்டம் 12 முதல் 14 அங்குலத்துக்குள் வர வேண்டும். அதோடு வரும் டபிள்யூபிசி சட்டம் அந்தரத்தில் பாய்வதற்குச் செய்ததல்ல, நீளம் முழுக்கத் தளத்தில் அமர வேண்டும். ஏப்ரல் வெயிலில் அது மரத்தைவிடச் சுடும் என்பதையும் வெறுங்காலோடு நடக்கும் வீடுகள் யோசித்துக்கொள்ளட்டும்.

பூச்சும் பராமரிப்பும்

வார்னிஷ், பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) இரண்டும் வேண்டாம். மரம் அசையும், படலம் அசையாது. விரிசலில் நுழைந்த தண்ணீர் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். மரத்துக்குள் இறங்கும் டெக் ஆயில்தான் பொருத்தம். பூட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் ஒரு கை, பூட்டிய பிறகு மேலே ஒரு கை. பதினைந்து நிமிடத்தில் உறிஞ்சாமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் கலந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

மறுபூச்சுக்கு பெங்களூரில் சரியான காலம் பிப்ரவரி, மார்ச். மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், ஏப்ரல் மழைக்கு முன் எண்ணெய் இறங்கிவிடும். தேக்கு சாம்பல் நிறமாவது வெயிலில் மேல்தோல் வெளுப்பது மட்டுமே, வலிமைக்கு ஒன்றும் ஆகாது. அந்த நிறம் பிடித்திருந்தால் அப்படியே விடலாம்.

அதே நேரத்தில் ஒரு டார்ச்சும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து பாருங்கள். உத்திரத்தின் மேல்விளிம்பு, ரிம்மின் உள்பக்கம், சுவரை ஒட்டிய சட்டமுனை, படிச்சட்டத்தின் பாதம், இந்த நாலு இடத்திலும் திருப்புளியை அழுத்துங்கள். கெட்டி மரத்தில் அது தடம் மட்டும் பதிக்கும். 5 மி.மீ. சுலபமாக இறங்கினால் உள்ளே இற்றுக்கொண்டிருக்கிறது. சட்டத்தில் ஓரிடம் மட்டும் என்றால் டெக்கைப் பிரிக்க வேண்டாம். மெத்தென்ற பகுதியைச் செதுக்கி எடுத்து மருந்து பூசி, நல்ல மரம் இரண்டு பக்கமும் 2 அடியாவது பிடிக்கும்படி, பக்கத்தில் அதே உயரத்தில் துணைச்சட்டம் வைத்து எம்10 போல்ட் போடுங்கள். மண்குழாய் இருக்கிறதா என்று ஆறு பீடத்தையும் சுற்றிப் பாருங்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் இன்னொரு வேலையும் செய்யலாம். பெரிய மழை விட்டு இரண்டு நாள் கழித்து அடியில் பார்த்து, இன்னும் கறுப்பாக ஈரம் தெரியும் இடங்களில் சாக்பீஸால் குறி போடுங்கள். அங்கே இலை அடைத்திருக்கும், இரண்டு மரம் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கும், அல்லது மேலே ஒரு தொட்டி மாதக்கணக்கில் நகராமல் உட்கார்ந்திருக்கும். குறிபோட்ட இடங்களில்தான் அடுத்த பிப்ரவரியில் திருப்புளி முதலில் போக வேண்டும்.